சிரில் படைக்காத சிரிலிக்

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. சிரிலிக் எழுத்தை உருவாக்கியவர் புனித சிரில்தானா என்பது முதல் பகுதி. ஸ்லாவ் மொழிகளைப் பேசுவோரில் ரஷ்யரும் பல்கேரியரும் செர்பியரும் அதில் எழுத, போலந்துக்காரரும் செக்கரும் குரோஷியரும் லத்தீன் எழுத்தில் எழுதுவது எப்படி என்பது இரண்டாம் பகுதி.

முதல் பகுதிக்கு ஒரே சொல்லில் பதில் உண்டு: இல்லை. சிரில் ஓர் எழுத்தைப் படைத்தார் என்பது உண்மை. ஆனால் அது வேறு எழுத்து. இன்று அவர் பெயரால் வழங்குவது அவர் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, அவர் பணி செய்த மொராவியாவில் அல்லாமல் பல்கேரியாவில் உருவானது. இரண்டாம் பகுதிக்கு இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்ல வராது. எந்த ஊர்க் கோயிலில் எந்த மொழியில் பூசை நடந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன் எழுத்தின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வோம். சோவியத் காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்டு அனுப்பிய கெட்டி அட்டைப் புத்தகங்களைக் கையில் எடுத்தவர்களுக்கு, கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த சில ரஷ்ய வரிகள் நினைவிருக்கலாம். நான் சிரிலிக்கை முதலில் பார்த்தது அங்கேதான். ஆங்கில எழுத்துப் பழக்கத்தில் அதில் ஒரு சொல்லை 'மொக்பா' என்று படித்து, இது என்ன ஊரோ என்று நினைத்திருக்கிறேன். அது 'மாஸ்க்வா', அதாவது மாஸ்கோ. ஆங்கில 'சி' போல இருப்பது ஸகரம். ஒரே வயிறு வைத்த 'பி' (P) போல இருப்பது ரகரம். 'ஹெச்' போல இருப்பது நகரம். இன்னொரு 'பி' (B) போல இரண்டு வயிறு வைத்திருப்பது வகரம். இந்தக் குழப்பம் எதுவும் தற்செயல் அல்ல. இவற்றுக்குப் பின்னால் கிரேக்க எழுத்தின் வடிவமும் அதன் ஒன்பதாம் நூற்றாண்டு உச்சரிப்பும் இருக்கின்றன. உச்சரிப்புக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

கதை தெசலோனிக்காவில் தொடங்குகிறது. பைசாந்தியப் பேரரசின் இரண்டாவது பெரிய நகரம் அது. நகரத்துக்குள் கிரேக்க மொழி, மதிலுக்கு வெளியே சுற்றுவட்டாரம் முழுக்க ஸ்லாவியக் குடியிருப்புகள். அங்கே படை அதிகாரி ஒருவரின் மகன்களாகப் பிறந்தவர்கள் மெத்தோடியசும் கான்ஸ்டன்டைனும். இளையவரான கான்ஸ்டன்டைன் கான்ஸ்டான்டிநோபிளில் படித்து, மொழிகளில் தேர்ந்து, 'தத்துவர்' என்ற பட்டத்தோடு அறியப்பட்டவர். சிரில் என்ற பெயர் அவருக்கு வந்தது சாவதற்குச் சுமார் ஐம்பது நாள் முன்பு, ரோமில் துறவு பூண்டபோது. வாழ்நாள் முழுவதும் அவர் கான்ஸ்டன்டைன்தான். ஆக, எழுத்துக்கு இடப்பட்ட பெயரும் அவருடைய கடைசி நாட்களின் பெயர்.

862ஆம் ஆண்டு, இன்றைய செக், ஸ்லோவாக்கியப் பகுதிகளை ஆண்ட மொராவிய இளவரசன் ராஸ்திஸ்லாவ், பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் மைக்கேலிடம் தூது அனுப்பினான். எங்கள் மக்கள் ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள், ஆனால் எங்கள் மொழியில் மெய்யான நெறியை விளக்கிச் சொல்ல ஆசிரியர் இல்லை என்பது கோரிக்கை. பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். மொராவியாவில் அப்போது சமயப் பணி செய்தவர்கள் பக்கத்து பிராங்கிய அரசின் ஜெர்மானியப் பாதிரிமார்கள். அவர்கள் கையிலிருந்து தன் திருச்சபையை விடுவிக்க வேண்டும் என்பதே ராஸ்திஸ்லாவின் உள்நோக்கம். பேரரசர் இரு சகோதரர்களையும் அழைத்து, நீங்கள் தெசலோனிக்காக்காரர்கள், தெசலோனிக்காக்காரர் எல்லோருமே சுத்தமாக ஸ்லாவ் மொழி பேசுபவர்களாயிற்றே என்று சொல்லி அனுப்பியதாக மெத்தோடியசின் பழைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. 863இல் புறப்பட்டுப் போனார்கள்.

போகும் முன்பே கான்ஸ்டன்டைன் ஓர் எழுத்தை வகுத்துவிட்டார். அதில் அவர் முதலில் எழுதியது யோவான் நற்செய்தியின் தொடக்கம்: 'ஆதியிலே வார்த்தை இருந்தது.' அந்த எழுத்துக்கு இன்று கிளகோலித்திக் என்று பெயர். 'பேசு' என்று பொருள்படும் பழைய ஸ்லாவ் வினைச்சொல்லிலிருந்து வந்த பெயர். அதுவும் பிற்காலத்தில் ஒட்டியதே.

கிளகோலித்திக்கைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வட்டங்கள், முக்கோணங்கள், சிலுவைகள், கண்ணாடி மாட்டியது போன்ற இரட்டைச் சுழிகள். முதல் எழுத்தான அகரம் ஏறக்குறைய ஒரு சிலுவை. கிரேக்கத்தின் சாயல் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வேண்டுமென்றே அப்படி அமைத்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். கிரேக்க எழுத்தோடு போனால் கான்ஸ்டான்டிநோபிளின் ஆள், லத்தீன் எழுத்தோடு போனால் ஜெர்மானியரின் ஆள் என்றாகிவிடும். இரண்டுமில்லாத ஒன்றை எடுத்துக்கொண்டு போவதே மொராவியாவில் செல்லும். உருவம் விசித்திரமாக இருந்தாலும், அடியில் இருக்கும் ஒலி ஆய்வு அபாரமானது. கிரேக்கத்தில் இல்லாத ஷகரத்துக்கு, சகரத்துக்கு, மூக்கொலி உயிர்களுக்கு, இகர உகரங்கள் தேய்ந்து நின்ற மிகக் குறுகிய இரண்டு உயிர்களுக்கு எல்லாம் தனித்தனி எழுத்து வகுத்திருந்தார். ஷகரத்தின் வடிவம் எபிரேய 'ஷின்' எழுத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பது பலரும் ஏற்கும் கருத்து. கசார் நாட்டுக்குத் தூது போகும் வழியில், கருங்கடல் ஓரத்துக் கெர்சோனில் அவர் எபிரேயம் கற்றார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்வதோடு இது பொருந்திப் போகிறது.

மொராவியாவில் ஜெர்மானியப் பாதிரிகள் சும்மா இருப்பார்களா? கடவுளைத் துதிக்கத் தகுந்த மொழிகள் எபிரேயம், கிரேக்கம், லத்தீன் மூன்றே என்பது அவர்கள் வாதம். இயேசுவின் சிலுவையில் ரோம ஆளுநர் பிலாத்து எழுதி வைத்தது அந்த மூன்று மொழியில்தானாம். கான்ஸ்டன்டைன் அவர்களுக்குப் 'பிலாத்தியர்' என்றே பட்டப்பெயர் சூட்டினார். வெனிஸில் ஆயர்களும் துறவிகளும், பருந்தின்மேல் காகங்கள் பாய்வதுபோல அவர்மேல் பாய்ந்ததாக வாழ்க்கை வரலாறு வர்ணிக்கிறது. மழை எல்லோர்மேலும் பெய்யவில்லையா, சூரியன் எல்லோருக்கும் காயவில்லையா என்று அவர் திருப்பிக் கேட்டார். அதன் பிறகு ரோமில் திருத்தந்தை இரண்டாம் ஏட்ரியன் ஸ்லாவ் வழிபாட்டு நூல்களை ஏற்றுக்கொண்டார். அங்கேயே 869 பிப்ரவரி 14 அன்று சிரில் இறந்தார். சான் கிளமென்டே தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மெத்தோடியஸ் தனியாகத் திரும்பிப் போராடினார். ஜெர்மானிய ஆயர்கள் அவரைப் பிடித்து இரண்டரை ஆண்டு சிறையில் வைத்தார்கள். 885இல் அவர் இறந்ததும், அதுவரை பிடித்து வைத்திருந்த அணை உடைந்தது. புதிய திருத்தந்தை ஐந்தாம் ஸ்டீபன் ஸ்லாவ் மொழி வழிபாட்டைத் தடை செய்தார். சீடர்கள் விரட்டப்பட்டார்கள். சிலர் வெனிஸின் அடிமைச் சந்தைக்கே போனார்கள். கிளமென்ட், நாவும், ஏஞ்சலேரியஸ் ஆகிய மூவர் மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் தன்யூப் ஆற்றைக் கடந்து பெல்கிரேடில் கரையேறினார்கள். அப்போது அது பல்கேரியாவின் எல்லைக் கோட்டை. கோட்டைத் தலைவன் அவர்களை அப்படியே தலைநகர் பிளிஸ்காவுக்கு அனுப்பி வைத்தான்.

சிரிலிக்கின் கதை உண்மையில் இந்தத் தெப்பம் கரை தட்டிய பிறகுதான் தொடங்குகிறது.

பல்கேரிய அரசன் போரிஸ் இவர்களைப் போன்ற ஆட்களுக்கு ஏங்கிக்கொண்டிருந்தான் என்று கிளமென்டின் வரலாற்றை எழுதியவர் சொல்கிறார். ஏங்கியதற்குக் காரணம் இருந்தது. போரிஸ் 864 வாக்கில் கிறிஸ்தவனானான். ஆனால் நாட்டுக்கு வந்த பாதிரிமார் அனைவரும் கிரேக்கர்கள், பூசை கிரேக்கத்தில். பக்கத்திலேயே பைசாந்தியம் என்ற பெரும் பகைநாட்டை வைத்துக்கொண்டு, தன் ஊர்க் கோயில்களை அந்த நாட்டின் ஆட்களிடம் விடுவது எந்த அரசனுக்கும் உறக்கத்தைக் கெடுக்கும். ரோமுக்கு ஆள் அனுப்பிப் பேரம் பேசிப் பார்த்தான், முழுப் பலன் இல்லை. அந்த நேரத்தில் உள்ளூர் மொழியில் வழிபாட்டு நூல்களும், பாதிரிகளைப் பயிற்றும் திறமையும் சேர்ந்து ஒரே தெப்பத்தில் வந்து இறங்கினால் விடுவானா?

கிளமென்டைத் தென்மேற்கே ஓஹ்ரிட் பகுதிக்கு அனுப்பினான். அங்கே அவர் 3500 மாணவர்களைப் பயிற்றுவித்ததாக வரலாற்று நூல் கூறுகிறது. நாவும் தலைநகரில் தங்கினார். 893இல் போரிஸின் மகன் சிமியோன் அரியணை ஏறினான். தலைநகர் பிரெஸ்லாவுக்கு மாறியது. ஆட்சியிலும் கோயிலிலும் கிரேக்கத்தின் இடத்துக்கு ஸ்லாவ் மொழி வந்ததை இந்த ஆண்டோடு சேர்த்துச் சொல்வது வழக்கம்.

சிமியோன் கான்ஸ்டான்டிநோபிளில் வளர்ந்து படித்தவன். 'பாதிக் கிரேக்கன்' என்று பேரெடுத்தவன். அவனைச் சுற்றியிருந்த அதிகாரிகளும் கிரேக்க எழுத்தில் பழகியவர்களே. நூறாண்டுக்கும் மேலாகப் பல்கேரிய அரசர்கள் தங்கள் வெற்றிகளையும் உடன்படிக்கைகளையும் கல்லில் வெட்டி வைத்தது கிரேக்க எழுத்தில்தான். இப்படிப்பட்டவர்களிடம் வட்டமும் முக்கோணமுமாக ஒரு புது எழுத்தைக் கொடுத்து, இனி இதில் எழுதுங்கள் என்றால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். பிரெஸ்லாவ் எழுத்தாளர்கள் நடுவழி ஒன்றைப் பிடித்தார்கள். கிரேக்கத்தில் உள்ள ஒலிகளுக்கு அப்போதைய கிரேக்கப் பெரிய எழுத்துகளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்கு சிரிலின் கிளகோலித்திக்கைப் பின்பற்றி, வடிவங்களைச் சதுரமாகத் திருத்தி ஓரளவு எளிமையாக்கிச் சேர்த்தார்கள். இந்தக் கலவைதான் சிரிலிக். இன்றும் ரஷ்ய எழுத்து வரிசையில், மூன்று பல் சீப்பு போல நிற்கும் ஷகரத்தைக் கிளகோலித்திக்கில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய அதே சீப்பு கிடைக்கும்.

செய்தவர் யார்? தனி ஒருவரின் பெயரைச் சொல்ல முடியாது. ஓஹ்ரிட் கிளமென்ட் என்று பல நூல்கள் எழுதிவிடுகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிளமென்டின் சுருக்க வரலாறு ஒன்றில், அவர் முன்னதைவிடத் தெளிவான எழுத்து வடிவங்களை வகுத்தார் என்று ஒரு வரி வருகிறது. அதிலிருந்து கிளம்பிய கருத்து இது. ஆனால் கிளமென்டின் ஓஹ்ரிட் வட்டாரம்தான் கிளகோலித்திக்கை நீண்ட காலம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த இடம். குருநாதர் சிரிலின் எழுத்தை அவருடைய நேர்ச் சீடர் தூக்கி எறிந்தார் என்பது எனக்குப் பொருந்தி வரவில்லை. பழைய சிரிலிக் கல்வெட்டுகள் செறிந்து கிடைப்பது பிரெஸ்லாவையும் அதற்கு வடகிழக்கையும் சுற்றித்தான். கிரெப்சா குகைக் கோயிலில் உள்ள கல்வெட்டு 921 என்று ஆண்டு காட்டுகிறது. ரவ்னா என்ற ஊரின் மடாலயச் சுவர்களில் கிரேக்கம், கிளகோலித்திக், சிரிலிக் மூன்றிலும் மாணவர்களும் யாத்திரிகர்களும் கிறுக்கியவை பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஓர் எழுத்து பிறக்கும்போது பட்டறை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அந்தச் சுவரை விடச் சிறந்த சாட்சி வேண்டாம்.

கிளகோலித்திக்தான் மூத்தது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? ஆதாரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எண்கள். அந்தக் காலத்தில் எழுத்தே எண். கிரேக்கத்தில் ஆல்பா ஒன்று, பீட்டா இரண்டு, காமா மூன்று. இப்போது முன்பு சொன்ன உச்சரிப்புக் கதை: ஒன்பதாம் நூற்றாண்டுக் கிரேக்கர் பீட்டாவை 'வீட்டா' என்று வகரமாகவே ஒலித்தார்கள். அதனால் சிரிலிக்கில் அந்த இரட்டை வயிற்று வடிவம் வகரமாயிற்று. ஸ்லாவ் மொழிக்கு 'பாபா' என்பதில் வரும் மெல்லிய பகரம் தேவைப்பட்டது. அதற்கு வேறு ஒரு வடிவத்தைச் செய்து வரிசையில் இரண்டாவதாகச் செருகினார்கள். ஆனால் எண் மதிப்பு கிரேக்கக் கணக்குப்படியே தொடர்ந்தது: அகரம் ஒன்று, வகரம் இரண்டு, ககரம் மூன்று. நடுவில் நிற்கும் பகரத்துக்கு எண்ணே கிடையாது. கிளகோலித்திக்கிலோ யாருக்கும் கடன்படாமல் வரிசைப்படியே எண்: அகரம் ஒன்று, பகரம் இரண்டு, வகரம் மூன்று, ககரம் நான்கு.

கிளகோலித்திக் ஏட்டைப் பார்த்துச் சிரிலிக்கில் பெயர்த்தெழுதும் ஒருவர், 'நான்கு' என்று இருக்குமிடத்தில் ககரத்தை அப்படியே எழுதிவிட்டால் அது சிரிலிக்கில் 'மூன்று' ஆகிவிடும். சிரிலிக் ஏடுகளில் இந்த வகைப் பிழைகள் அகப்படுகின்றன. தோல் ஏட்டில் முன்பு எழுதியதைச் சுரண்டி அழித்துவிட்டு அதன்மேல் மறுபடி எழுதிய ஏடுகளிலும் அடியில் இருப்பது கிளகோலித்திக், மேலே இருப்பது சிரிலிக். பல்கேரியாவின் போயானா ஏடு இதற்கு எடுத்துக்காட்டு.

அப்படியானால் பெயர் எப்படி மாறிப் போயிற்று? 1047இல் வட ரஷ்ய நகரமான நோவ்கொரோதில் உபிர் லிக்கோய் என்ற பாதிரி தீர்க்கதரிசிகளின் நூலைப் படியெடுத்து, 'குரிலோவித்சா'விலிருந்து பெயர்த்தெழுதினேன் என்று குறிப்பு வைத்தார். அவர் எழுதியது சிரிலிக்கில்தான். அப்படியென்றால் எதிலிருந்து பெயர்த்தார்? சிரிலின் எழுத்து என்று அந்த ஆள் சொல்வது கிளகோலித்திக்கை. ஆக, பதினோராம் நூற்றாண்டில்கூடப் பெயர் உரியவரிடமே இருந்திருக்கிறது. பிறகு கிளகோலித்திக் வழக்கொழிய, சொத்துக்கு வாரிசு இல்லாமல் போனபோது பெயர் மட்டும் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

இனி பரவல். பல்கேரியாவிலிருந்து செர்பியாவுக்குப் போனது இயல்பாக நடந்தது. பக்கத்து நாடு, அதே கிழக்கத்தியத் திருச்சபை. பெரிய பாய்ச்சல் வடக்கே. 988இல் கீவ் இளவரசன் விளாதிமிர் பைசாந்திய வழியில் கிறிஸ்தவனானபோது, அவனுக்கு மொழிபெயர்ப்பு வேலையே மிச்சமில்லை. சிமியோன் காலத்திலிருந்து நூறாண்டாகப் பல்கேரியாவில் குவிந்திருந்த நூல்கள், ஏறக்குறைய புரியும் மொழியில், ஆயத்தமாக இருந்தன. 1018இல் பைசாந்தியம் பல்கேரியாவை விழுங்கியது. அதற்குள் எழுத்து வேறு மண்ணில் வேர் பிடித்துவிட்டது. கிழக்கு ஸ்லாவ் நூல்களில் நாள் குறிக்கப்பட்டு நமக்குக் கிடைத்தவற்றில் மூத்தது 1056-57இல் எழுதிய ஒஸ்த்ரோமிர் நற்செய்தி ஏடு. நோவ்கொரோத் தலைவன் ஒஸ்த்ரோமிருக்காக கிரிகோரி என்ற தியாக்கோன் (துணைக்குரு) படியெடுத்தது. கீவ் இளவரசி அன்னா பிரான்சின் அரசியாகப் போனவள். 1063ஆம் ஆண்டு லத்தீன் ஆவணம் ஒன்றில் 'அரசி அன்னா' என்ற லத்தீன் தொடர் சிரிலிக் எழுத்தில் கையெழுத்தாக நிற்கிறது.

ஆனால் ஏடுகளும் அரசிகளும் எழுத்தின் ஒரு முகம்தான். நோவ்கொரோதின் ஈரமண் இன்னொரு முகத்தைப் பாதுகாத்து வைத்திருந்தது. 1951 ஜூலையில் அகழாய்வாளர்கள் சேற்றிலிருந்து சுருண்டு கிடந்த பூர்ச்ச மரப்பட்டை ஒன்றை எடுத்து விரித்தார்கள், உள்பக்கம் எழுத்து. மையில்லை, கூரான எழுத்தாணியால் கீறியது. அதன் பிறகு அந்த ஒரு நகரத்திலேயே ஆயிரத்துக்கும் மேல் கிடைத்துவிட்டன. கடன் கணக்கு, மீன் விலை, மனைவிக்குச் செய்தி, கல்யாணப் பேச்சு எல்லாம் அதில் இருக்கின்றன.

அவற்றில் சில, பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒன்ஃபிம் என்ற சிறுவனுடையவை. ஆறேழு வயதிருக்கும். ஒரு பட்டையில் எழுத்து வரிசையை எழுதத் தொடங்கி, பதினோரு எழுத்து முடித்து, அடுத்து ககரமும் போட்டுவிட்டு, அலுத்துப் போய் நிறுத்திவிட்டான். மீதி இடம் முழுக்க ஓவியம்: குதிரைமேல் ஒரு வீரன், கீழே விழுந்து கிடக்கும் எதிரிமேல் ஈட்டி பாய்ச்சுகிறான். வீரனுக்கு அருகில் பெயர் 'ஒன்ஃபிம்'. வேறொரு பட்டையில் பகரம், வகரம், ககரம் என்று வரிசையாக அகரம் ஏற்றி, பிறகு எகரம் ஏற்றி எழுதிப் பழகியிருக்கிறான். அதன் மறுபக்கம் நீண்ட கழுத்தும் சுருண்ட வாலும் வாயில் தீயுமாக ஒரு விலங்கு. 'நான் காட்டு மிருகம்' என்று தலைப்பு. ஒன்ஃபிமிடமிருந்து தனிலாவுக்கு வணக்கம் என்றும் ஒன்றில் எழுதியிருக்கிறான். எழுத்து பரவியது என்று சொல்லும்போது நான் பேரரசர்களை அல்ல, பாடத்தைப் பாதியில் விட்ட இந்தப் பையனைத்தான் நினைத்துக்கொள்வேன். மடாலயத்தைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்ட எழுத்தை யாராலும் எளிதில் பிடுங்க முடியாது.

இப்போது இரண்டாம் பகுதிக்கு வரலாம். போலந்து இளவரசன் மியெஸ்கோ 966இல் செக் நாட்டு வழியாக லத்தீன் சடங்கில் ஞானஸ்நானம் பெற்றான். அதோடு லத்தீன் எழுத்தும் வந்துவிட்டது. அங்கே போட்டியே நடக்கவில்லை. செக் நாட்டில் சசாவா மடத்தில் பதினோராம் நூற்றாண்டின் இறுதி வரை ஸ்லாவ் வழிபாடு நடந்து, பிறகு துறவிகள் வெளியேற்றப்பட்டார்கள். சிரில் முதலில் கொண்டுபோன மண்ணிலேயே அவர் எழுத்து பிழைக்கவில்லை. குரோஷியா மட்டும் விசித்திரம். ரோமின் கீழ் இருந்துகொண்டே, ஆட்ரியாட்டிக் கரையோரப் பாதிரிமார் கிளகோலித்திக்கில் பூசை செய்தார்கள். அந்த எழுத்தை வகுத்தது புனித ஜெரோம் என்று அவர்கள் ஒரு கதை வைத்திருந்தார்கள். லத்தீன் விவிலியத்தைத் தந்தவரே இதையும் தந்தார் என்றால் ரோம் மறுக்குமா? 1248இல் திருத்தந்தை நான்காம் இன்னசென்ட் செனி ஆயருக்கு அனுமதியே கொடுத்துவிட்டார். கதை பொய்தான்; ஆனால் பொய் ஓர் எழுத்தைப் பல நூற்றாண்டுகள் காப்பாற்றியது.

ஆக, வரைபடத்தில் எழுத்தின் எல்லை பெரும்பாலும் கான்ஸ்டான்டிநோபிளின் திருச்சபைக்கும் ரோமின் திருச்சபைக்கும் இடையே உள்ள எல்லைதான். செர்பியரும் குரோஷியரும் பேசுவது ஒருவருக்கொருவர் முழுக்கப் புரியும் மொழி. ஒரே பஸ்ஸில் உட்கார்ந்து ஊர் வரும்வரை பேசிக்கொண்டு போகலாம். இறங்கும் ஊரின் பெயர்ப்பலகையில்தான் வேறுபாடு தெரியும். 2013இல் குரோஷியாவின் வுகோவர் நகரில் அரசு அலுவலகங்களில் சிரிலிக்கும் சேர்த்துப் பலகை மாட்டியபோது, 1991இல் செர்பியருடன் நடந்த போரின் காயம் ஆறாதவர்கள் அவற்றைச் சுத்தியலால் உடைத்தார்கள். எழுத்தைப் பார்த்ததும் படை நினைவுக்கு வந்திருக்கிறது.

அச்சுக் காலத்தைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். சிரிலிக்கின் முதல் அச்சு நூல்கள் 1491இல் போலந்தின் கிராக்கோவில் வெளிவந்தன என்பது நகைமுரண். மாஸ்கோவில் இவான் ஃபியோதரவ் தம் முதல் நூலை முடித்தது 1564இல்.

அடுத்த பெரிய திருப்பம் ரஷ்யாவின் பீட்டர் மன்னன். அவனுக்குக் கப்பல், பீரங்கி, நில அளவை பற்றிய நூல்கள் வேண்டும். கோயில் ஏட்டின் தடித்த, கொம்பு வைத்த எழுத்து கண்ணுக்குப் பிடிக்கவில்லை. லத்தீன் அச்செழுத்தைப் போல மெலிந்து வட்டமாக வடிவங்களை வரையச் சொல்லி ஆம்ஸ்டர்டாமிலும் மாஸ்கோவிலும் அச்சு வெட்டுவித்தான். 1708இல் அந்த எழுத்தில் வந்த முதல் நூல் வடிவகணிதம். 1710 ஜனவரி 29 அன்று எழுத்து மாதிரித் தாளை முன்னால் வைத்துக்கொண்டு, வேண்டாதவற்றை மன்னனே தன் கையால் அடித்தான். வரலாறு, தொழில் நூல்களை இந்த எழுத்துகளில் அச்சிடுக, அடித்தவற்றைப் பயன்படுத்தாதே என்று குறிப்பும் எழுதினான். கோயில் நூல்கள் பழைய வடிவிலேயே தொடர்ந்தன. இன்று செய்தித்தாளில் நாம் பார்க்கும் சிரிலிக் லத்தீன் போலத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் கிரேக்க மூதாதை, மீதிக் காரணம் பீட்டர்.

செர்பியாவில் அந்த வேலையைச் செய்தவர் மன்னர் அல்ல. வுக் கராஜிச் என்ற தனிமனிதர். பேசுகிறபடி எழுது, எழுதியபடி படி என்பது அவர் கொள்கை. 1818இல் வெளியிட்ட அகராதியில் ஒலிக்கு ஓர் எழுத்து என்று முப்பது எழுத்தாக வகுத்தார். தேவையற்ற பழைய எழுத்துகளைக் கழித்தார்; லகரத்தோடும் நகரத்தோடும் மென்மைக் குறியை ஒட்ட வைத்துப் புது எழுத்துகள் செய்தார். யகரத்துக்கு மட்டும் லத்தீனிலிருந்து 'ஜே' வடிவத்தைக் கடன் வாங்கினார். வந்தது வினை. கத்தோலிக்கரின் எழுத்தைக் கொல்லைப்புற வழியாக நுழைக்கிறான் என்று திருச்சபையினர் கொதித்தார்கள். அவருடைய எழுத்துமுறை செர்பியாவில் முழு ஏற்புப் பெற்றது 1868இல். அவர் 1864இலேயே இறந்துவிட்டார்.

எழுத்தைத் தடியாக எடுத்து வீசியதும் நடந்தது. 1863 கிளர்ச்சிக்குப் பிறகு ரஷ்யப் பேரரசு, ஸ்லாவியர் அல்லாத லித்துவேனியர்மேல் சிரிலிக்கைத் திணித்தது. லத்தீன் எழுத்தில் லித்துவேனிய நூல் அச்சிடுவது 1904 வரை குற்றம். விளைவு, எல்லைக்கு அப்பால் பிரஷ்யாவில் அச்சடித்து, மூட்டைகளில் மறைத்து இரவில் நடந்து கடத்தும் புத்தகக் கடத்தல்காரர் என்ற ஒரு வர்க்கமே உருவானது. லித்துவேனியர் இன்றும் அவர்களைக் கொண்டாடுகிறார்கள், சிரிலிக்கை ஏற்கவில்லை. அதே பேரரசு 1876இல் உக்ரைன் மொழியில் நூல் அச்சிடுவதையே ஏறக்குறைய முழுவதும் தடுத்தது. பின்னாளில் சோவியத் ஆட்சி 1933இல் உக்ரைன் எழுத்து வரிசையிலிருந்து ஒரே ஓர் எழுத்தை நீக்கியது. ஹகரத்துக்கும் வல்லொலிக் ககரத்துக்கும் உக்ரைன் மொழியில் வேறுபாடு உண்டு; ரஷ்யத்தில் ஹகரம் இல்லை. நீக்கப்பட்டது அந்தக் ககரம். 1990இல் திரும்ப வந்தது. ஒரு கொம்பு மட்டுமே கூடுதலான எழுத்துக்கு இத்தனை பாடு.

ரஷ்யத்தில் 1918 சீர்திருத்தம் மூன்று எழுத்துகளை ஒழித்து, சொல் இறுதியில் ஒலியே இல்லாமல் நின்றுகொண்டிருந்த கடினக் குறியையும் வெட்டியது. புரட்சிக்கு அஞ்சி வெளிநாடு போனவர்கள் பல பத்தாண்டுகள் பழைய முறையிலேயே எழுதினார்கள். பல்கேரியா இதே வகை வேலையை 1945இல் செய்தது. ருமேனியர் மட்டும் எதிர்த்திசையில் போனவர்கள். மொழி லத்தீன் வழி வந்தது, திருச்சபை கிழக்கத்தியது என்பதால் நூற்றாண்டுகளாகச் சிரிலிக்கில் எழுதி, 1860களில் லத்தீனுக்கு மாறினார்கள்.

பல்கேரியர் மே 24ஐ எழுத்து நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1851இல் பிலோவ்திவ் பள்ளியொன்றில் தொடங்கிய வழக்கம், நாடே ஒட்டோமான் ஆட்சியில் இருந்தபோது. அன்று ஊர்வலத்தில் சிரில், மெத்தோடியஸ் படங்களைத் தூக்கிப் போகும் பிள்ளைகளிடம் போய், சிரில் படைத்தது இது இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பிரெஸ்லாவ் எழுத்தாளர்கள் கிரேக்க வடிவத்தை எடுத்தாலும், எந்த ஒலிக்கு எழுத்து வேண்டும் என்ற கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். அந்த அளவுக்குப் பெயர் பொருந்தும்.

கடைசியாக ஒரு தகவல். 2007இல் பல்கேரியா சேர்ந்ததும் சிரிலிக் ஐரோப்பிய ஒன்றியத்தின் மூன்றாவது அதிகாரபூர்வ எழுத்தாயிற்று. 2013 முதல் வெளியான யூரோ நோட்டுகளில் லத்தீன், கிரேக்கத்தோடு சிரிலிக்கிலும் 'எவ்ரோ' என்று அச்சிட்டிருக்கிறார்கள். 2023இல் குரோஷியா யூரோவுக்கு மாறியபோது, தன் ஒன்று, இரண்டு, ஐந்து சென்ட் காசுகளில் நாட்டின் பெயர்ச் சுருக்கத்தைக் கிளகோலித்திக்கில் பொறித்தது. வியன்னாவிலோ பாரிசிலோ கடையில் மீதி வாங்கும்போது நோட்டையும் சில்லறையையும் சேர்த்துப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு எழுத்தும் ஒரே கையில் கிடைக்கும்.